இருபது புள்ளியில் ஒரு வீரர்!

குட்டீஸ்! உங்களிடம் 20 புள்ளிகளைக் கொடுத்து, 'இதை வைத்து ஒரு விளையாட்டு வீரரை உருவாக்குங்கள்' என்று சொன்னால் என்ன செய்வீர்கள்? வேகத்துக்கு எவ்வளவு? கைத்திறமைக்கு எவ்வளவு? எதிராளியை முட்டி நிறுத்துவதற்கு எவ்வளவு?

"எல்லாத்துக்கும் முழுசா குடுத்துடுவேன்" என்கிறீர்களா? அங்கேதான் சிக்கல். எல்லாவற்றையும் நிரப்ப 52 புள்ளிகள் வேண்டும். கையில் இருப்பதோ 20 மட்டும்!

இப்படி வீரர்களை உருவாக்கும் விளையாட்டுகள் இன்டர்நெட்டில் பல உண்டு. இவற்றை 'சிமுலேஷன்' விளையாட்டு என்பார்கள். அதாவது, நிஜத்தைப் போலவே பாவனையாக நடத்திப் பார்ப்பது. வீடியோ கேம் போல பட்டனைத் தட்டி வீரரை ஓட விடும் வேலை இதில் கிடையாது. வீரரின் திறமைகளை நீங்கள் தீர்மானிக்கிறீர்கள். அதோடு உங்கள் வேலை முடிந்தது. மேட்சை கம்ப்யூட்டரே நடத்தி, முடிவைச் சொல்லிவிடும். பிறகு நீங்கள் அதைப் பார்த்து, 'எங்கே கோட்டை விட்டோம்?' என்று யோசிக்க வேண்டியதுதான்.

அமெரிக்காவில் கிரிக்கெட்டுக்குப் பதில் அவர்களுடைய ஃபுட்பாலுக்குத்தான் மவுசு. அதனால் அங்கே ஃபுட்பால் சிமுலேஷன் விளையாட்டுகள் அதிகம். அவற்றில் மண்டையைக் குழப்பும் ஒரு வீரர் இருக்கிறார். அவர் பெயர் 'டைட் எண்ட்'. இன்று அவரை நாமே உருவாக்கப் போகிறோம். கம்ப்யூட்டர்கூட வேண்டாம். ஒரு காகிதம், பென்சில், இரண்டு பகடைகள் போதும்!

இது வேற ஃபுட்பால்!

முதலில் ஆட்டத்தைத் தெரிந்து கொள்வோம். அமெரிக்கன் ஃபுட்பாலில் காலுக்கு வேலை குறைவு. கைக்குத்தான் வேலை அதிகம். பந்து உருண்டையாக இருக்காது. இரண்டு பக்கமும் கூராக இருக்கும். ஓர் அணிக்கு 11 பேர். மைதானத்தின் நீளம் 100 கெஜம். அதாவது ஏறத்தாழ 91 மீட்டர். இரண்டு முனைகளிலும் கூடுதலாக 10 கெஜத்துக்கு ஒரு கட்டம் இருக்கும். எதிரணியின் அந்தக் கட்டத்துக்குள் பந்தைக் கொண்டு போய்விட்டால் 'டச் டவுன்'. அதற்கு 6 புள்ளிகள்.

பந்து வைத்திருக்கும் அணிக்கு நான்கு வாய்ப்புகள் தருவார்கள். அதற்குள் 10 கெஜமாவது முன்னேற வேண்டும். முன்னேறிவிட்டால் புதிதாக நான்கு வாய்ப்புகள் கிடைக்கும். இல்லையென்றால் பந்து எதிரணிக்கு!

முன்னேற இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, பந்தை அணைத்துக் கொண்டு ஒருவர் ஓடுவது. மற்றொன்று, 'குவார்ட்டர்பேக்' என்ற வீரர் முன்னால் வீச, இன்னொருவர் ஓடிப் போய்ப் பிடிப்பது. இப்படி முன்னால் வீசுவதற்கு 1906-ம் ஆண்டு வரை அனுமதியே கிடையாது. அதற்கு முன்பெல்லாம் எல்லாரும் கும்பலாக மோதிக் கொள்வார்கள். பலர் உயிரிழக்கும் அளவுக்கு அடிபட்டதால்தான் விதியை மாற்றினார்கள்.

வரிசையின் கடைசி ஆள்

ஒவ்வொரு முறை ஆட்டம் தொடங்கும்போதும், பந்து வைத்திருக்கும் அணியில் ஏழு பேராவது கோட்டின் மேல் வரிசையாக நிற்க வேண்டும். நடுவில் நிற்கும் ஐந்து பேர் மலை போன்ற ஆட்கள். எதிரணியினரை முட்டித் தடுப்பதுதான் இவர்கள் வேலை. முன்னால் வீசப்படும் பந்தைப் பிடிக்க இவர்களுக்குப் பொதுவாக அனுமதி இல்லை. ஆனால், வரிசையின் இரு ஓரங்களிலும் நிற்பவர்களுக்கு அனுமதி உண்டு.

அந்த ஓரத்தில், மலை மனிதர்களை ஒட்டி நெருக்கமாக நிற்பவர்தான் டைட் எண்ட். 'டைட்' என்றால் நெருக்கம். 'எண்ட்' என்றால் ஓரம். பெயரே இடத்தைச் சொல்லிவிடுகிறது, பார்த்தீர்களா?

இவருக்கு இரட்டை வேலை. நம் ஆள் பந்தோடு ஓடினால், பக்கத்தில் இருக்கும் மலைகளோடு சேர்ந்து எதிரணியை முட்டித் தடுக்க வேண்டும். பந்து வீசப்பட்டால், சட்டென்று விலகி ஓடிப் போய்ப் பிடிக்க வேண்டும். கிரிக்கெட்டில் விக்கெட் கீப்பர் பேட்டிங்கும் செய்ய வேண்டுமே, அது போல!

மறிப்பதற்கு உடம்பு கனமாக இருக்க வேண்டும். ஓடிப் பிடிப்பதற்கு உடம்பு லேசாக இருக்க வேண்டும். இரண்டும் ஒருவரிடம் எப்படி இருக்கும்? இதுதான் டைட் எண்ட் புதிர்.

முட்டியவர் பிடிக்கத் தொடங்கினார்!

தொடக்கத்தில் டைட் எண்ட் என்றால் பெரும்பாலும் மறிக்கும் ஆள்தான். 1961-ல் சிகாகோ பேர்ஸ் அணிக்கு மைக் டிட்கா என்ற புது வீரர் வந்தார். முதல் ஆண்டிலேயே 56 முறை பந்தைப் பிடித்து, 1,076 கெஜம் ஓடி, 12 டச் டவுன்கள் எடுத்தார். 'அடேங்கப்பா, ஓரத்தில் நிற்கும் ஆளால் இவ்வளவு முடியுமா!' என்று எல்லாரும் வியந்தார்கள். 1988-ல் ஃபுட்பாலின் புகழ் மண்டபத்தில் இடம் பெற்ற முதல் டைட் எண்ட் இவர்தான்.

அடுத்து, சான் டியாகோ சார்ஜர்ஸ் அணியின் பயிற்சியாளர் டான் கோரியெல் ஒரு தந்திரம் செய்தார். கெலன் வின்ஸ்லோ என்ற டைட் எண்டை வரிசையை விட்டுத் தள்ளித் தள்ளி நிற்க வைத்தார். ஒருமுறை இடது பக்கம், ஒருமுறை வலது பக்கம். எங்கே வருவார் என்று எதிரணிக்குத் தெரியாது!

1982 ஜனவரி 2-ம் தேதி மயாமியில் நடந்த மேட்ச் இன்றும் பேசப்படுகிறது. அன்று வின்ஸ்லோ 13 முறை பந்தைப் பிடித்தார். 166 கெஜம். நேரம் முடியப் போகும் கடைசி நொடிகளில், மயாமி அணி வெற்றிக்காக உதைத்த பந்தைத் தாவிக் கையால் தடுத்ததும் அவர்தான். கூடுதல் நேரத்தில் சார்ஜர்ஸ் 41-38 என்று ஜெயித்தது. ஆட்டம் முடிந்ததும் வின்ஸ்லோவால் நடக்க முடியவில்லை. இரண்டு நண்பர்கள் தாங்கிப் பிடித்து வெளியே கூட்டிச் சென்றார்கள்!

பந்து பிடிப்பதையே முக்கிய வேலையாகக் கொண்ட டைட் எண்ட் இப்படித்தான் உருவானார்.

கம்ப்யூட்டருக்குள் என்ன நடக்கிறது?

சிமுலேஷன் விளையாட்டில் ஒவ்வொரு வீரருக்கும் ஓர் அட்டவணை இருக்கும். வேகம், வலிமை, குதிக்கும் திறன், பிடிக்கும் திறன், மறிக்கும் திறன் என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். வீரர் தொடக்கத்தில் எல்லாவற்றிலும் சுமார்தான். மேட்ச் ஆட ஆட உங்களுக்குப் புள்ளிகள் கிடைக்கும். அவற்றை எதில் போடுவது என்று நீங்கள் முடிவு செய்ய வேண்டும்.

இரண்டு விஷயங்களை கவனிக்க வேண்டும்.

ஒன்று, மேலே போகப் போக விலை ஏறும். தொடக்கத்தில் ஒரு புள்ளி கொடுத்தால் திறமை ஒரு படி உயரும். நன்றாக வளர்ந்த பிறகு அதே ஒரு படிக்கு இரண்டு, மூன்று புள்ளிகள் கொடுக்க வேண்டி வரும். நிஜ வாழ்க்கையும் அப்படித்தானே? கணக்கில் 40 மார்க் வாங்குபவர் 60 வாங்குவதைவிட, 95 வாங்குபவர் 100 வாங்குவதுதான் கஷ்டம்!

இரண்டு, பல விளையாட்டுகளில் போட்ட புள்ளியைத் திரும்ப எடுக்க முடியாது. அவசரப்பட்டால் அவ்வளவுதான்.

மேட்ச் நடக்கும்போது கம்ப்யூட்டர் இந்த எண்களை மட்டும் பார்ப்பதில்லை. பகடை உருட்டுவது போல, தானாக ஓர் எண்ணையும் எடுத்துக் கொள்ளும். திறமையோடு அதைச் சேர்த்துத்தான் 'பிடித்தாரா, விட்டாரா' என்று முடிவு செய்யும். அதனால் நல்ல வீரரும் சில நேரம் பந்தைக் கோட்டை விடுவார். சுமாரான வீரரும் சில நேரம் அசத்திவிடுவார்.

நாமே உருவாக்குவோம்!

வாருங்கள், காகிதத்தை எடுங்கள். நம் வீரருக்கு நான்கு திறமைகள் மட்டும் போதும்.

1. திருப்பம் - எதிராளியை ஏமாற்றி விலகி ஓடுவது.
2. கைப்பிடி - வரும் பந்தை நழுவ விடாமல் பிடிப்பது.
3. வேகம் - பிடித்த பிறகு ஓடுவது.
4. மறிப்பு - எதிராளியை முட்டித் தடுப்பது.

நான்கும் 1-ல் தொடங்குகின்றன. அதிகபட்சம் 8. உங்கள் பணப்பையில் 20 புள்ளிகள். விலைப் பட்டியல் இதோ:

4 வரை உயர்த்த - ஒவ்வொரு படிக்கும் 1 புள்ளி.
5, 6-க்கு உயர்த்த - ஒவ்வொரு படிக்கும் 2 புள்ளிகள்.
7, 8-க்கு உயர்த்த - ஒவ்வொரு படிக்கும் 3 புள்ளிகள்.

ஆக, ஒரு திறமையை 1-லிருந்து 4-க்குக் கொண்டு வர 3 புள்ளிகள். 6-க்குக் கொண்டு வர 7 புள்ளிகள். 8-க்குக் கொண்டு வர 13 புள்ளிகள்!

மூன்று வீரர்கள்

மூன்று பேரை உருவாக்கிப் பார்ப்போம். மூவருக்கும் செலவு அதே 20 புள்ளிகள்தான்.

சமன்: திருப்பம் 5, கைப்பிடி 5, வேகம் 5, மறிப்பு 5. எல்லாவற்றிலும் சமம். (5+5+5+5 = 20 புள்ளிகள்)

பிசின்: திருப்பம் 4, கைப்பிடி 8, வேகம் 4, மறிப்பு 2. கையில் பட்ட பந்து பிசின் போல ஒட்டிக் கொள்ளும். (3+13+3+1 = 20 புள்ளிகள்)

சுழல்: திருப்பம் 6, கைப்பிடி 6, வேகம் 4, மறிப்பு 4. (7+7+3+3 = 20 புள்ளிகள்)

பந்து பிடிக்கும் டைட் எண்டாக இவர்களில் யார் சிறந்தவர்? பெரும்பாலானவர்கள் பிசினைத்தான் கை காட்டுவார்கள். 'பிடிக்கும் வேலைக்கு நல்ல கைதானே முக்கியம்!' சரி, கணக்குப் போட்டுப் பார்ப்போமா?

பாஸ் வீசும்போது இரண்டு சோதனைகள். முதலில் விலகி ஓட வேண்டும். இரண்டு பகடைகளை உருட்டி, வந்த எண்ணோடு திருப்பத்தைக் கூட்டுங்கள். 12 அல்லது அதற்கு மேல் வந்தால் விலகிவிட்டார். அடுத்து பிடிக்க வேண்டும். மறுபடி இரண்டு பகடைகளை உருட்டி, கைப்பிடியைக் கூட்டுங்கள். இதிலும் 12 அல்லது அதற்கு மேல் வந்தால் பந்து கையில்!

இரண்டு பகடைகள் விழுவதற்கு மொத்தம் 36 வழிகள் உண்டு. (6 × 6 = 36.) அவற்றில்:

4 அல்லது அதற்கு மேல் வர 33 வழிகள்.
6 அல்லது அதற்கு மேல் வர 26 வழிகள்.
7 அல்லது அதற்கு மேல் வர 21 வழிகள்.
8 அல்லது அதற்கு மேல் வர 15 வழிகள்.

பிசினின் திருப்பம் 4. எனவே பகடையில் 8 வேண்டும். 36 பாஸ் வீசினால் சராசரியாக 15 முறைதான் விலகுவார். அந்த 15-ல், 36-க்கு 33 என்ற விகிதத்தில் பிடிப்பார். 15 × 33 ÷ 36 = ஏறத்தாழ 14.

சுழலுக்கு இரண்டு சோதனையிலும் பகடையில் 6 வந்தால் போதும். 26 × 26 ÷ 36 = ஏறத்தாழ 19.

சமனுக்கு இரண்டிலும் 7 வேண்டும். 21 × 21 ÷ 36 = ஏறத்தாழ 12.

ஆச்சரியமாக இல்லை? உலகத்திலேயே சிறந்த கை வைத்திருக்கும் பிசின் 14 பந்துகள்தான் பிடிக்கிறார். சுழல் 19 பிடிக்கிறார்! காரணம் எளிது. பிசின் பிடிக்கத் தெரிந்தவர்தான். ஆனால், எதிராளி அவரை விட்டு விலகினால்தானே பந்து அவரிடம் வரும்? கைப்பிடியை 6-லிருந்து 8-க்கு ஏற்ற அவர் 6 புள்ளிகளைக் கொட்டினார். திருப்பத்தை 4-லிருந்து 6-க்கு ஏற்ற 4 புள்ளிகள் மட்டும் போதுமே!

ஒரு வேலைக்கு இரண்டு திறமைகள் தேவை என்றால், ஒன்றை மட்டும் வானத்துக்கு ஏற்றிப் பயனில்லை. பலவீனமான திறமைதான் வாசலில் நின்று மறிக்கும்.

எதிரணி தூங்குமா?

"அப்படின்னா மறிப்புக்கு எதுக்கு புள்ளி? அதையும் எடுத்துத் திருப்பத்தில் போடலாமே!" என்று கேட்கத் தோன்றும். நல்ல கேள்வி. அடுத்த விதியைப் பாருங்கள்.

ஓட்டம் என்று முடிவு செய்தால் ஒரே சோதனைதான். இரண்டு பகடைகளோடு மறிப்பைக் கூட்டினால் 12 வர வேண்டும். 36 முறையில் சமன் 21 முறை ஜெயிப்பார். சுழல் 15 முறை. பிசினோ 6 முறைதான்!

எதிரணிக்காரர் இதைப் பார்த்துக் கொண்டே இருப்பார். 'பிசின் களத்தில் இருக்கிறாரா? இவரை வைத்து ஓட்டம் ஆட மாட்டார்கள். பாஸ்தான் வரும்!' என்று முன்பே தயாராகிவிடுவார். நம் விளையாட்டில், எதிரணி சரியாக ஊகித்துவிட்டால் 12-க்குப் பதில் 13 வர வேண்டும். அப்போது பிசின் 36-ல் ஏறத்தாழ 8 பந்துகள்தான் பிடிப்பார். 14 எங்கே, 8 எங்கே!

சுழலிடம் அந்தக் கவலை குறைவு. அவர் மறிக்கவும் செய்வார், ஓடிப் பிடிக்கவும் செய்வார். எதிரணிக்கு எப்போதும் சந்தேகம்தான். மறிப்புக்கு அவர் போட்ட 3 புள்ளிகள் ஓட்டத்துக்கு மட்டும் உதவவில்லை. 'இவர் என்ன செய்யப் போகிறார்?' என்ற குழப்பத்தையும் அந்த 3 புள்ளிகள்தான் வாங்கித் தருகின்றன.

நிஜ ஆட்டத்திலும் இதுதான் நடக்கிறது. சுத்தமாக மறிக்கத் தெரியாத டைட் எண்ட் களத்தில் இறங்கினாலே எதிரணிக்குத் துப்புக் கிடைத்துவிடும்.

இருவர் விளையாட...

இப்போது நண்பரோடு ஆடலாம். ஆளுக்கொரு வீரரை 20 புள்ளியில் உருவாக்குங்கள். விதிகள் இவை:

* டச் டவுன் கோட்டுக்கு 50 கெஜம் முன்னால் தொடங்குங்கள்.
* பந்து வைத்திருப்பவர் 'பாஸ்' அல்லது 'ஓட்டம்' என்று காகிதத்தில் ரகசியமாக எழுத வேண்டும். எதிராளி தன் ஊகத்தைத் தன் காகிதத்தில் எழுத வேண்டும். இருவரும் ஒரே நேரத்தில் திறந்து காட்டுங்கள்.
* ஊகம் தவறென்றால் 12 வர வேண்டும். ஊகம் சரியென்றால் 13 வர வேண்டும்.
* பாஸ் வெற்றி என்றால், ஒரு பகடையை உருட்டி வேகத்தைக் கூட்டுங்கள். அத்தனை கெஜம் முன்னேறலாம். ஓட்டம் வெற்றி என்றால், ஒரு பகடையில் வரும் எண் மட்டும்.
* நான்கு வாய்ப்பில் 10 கெஜம் போனால் மீண்டும் நான்கு வாய்ப்பு. இல்லையென்றால் பந்து எதிராளிக்கு. அவரும் தன் 50 கெஜத்திலிருந்து தொடங்குவார்.
* டச் டவுனுக்கு 6 புள்ளிகள். முதலில் 18 எடுப்பவர் வெற்றி.

ஒரு குறிப்பு: வேகம் 4 உள்ளவர் இரண்டு பாஸ் பிடித்தாலே 10 கெஜம் நிச்சயம். ஏன் என்று நீங்களே கண்டுபிடியுங்கள்!

ஒரே மேட்சில் தீர்ப்பு வேண்டாம்!

உங்கள் சுழல் முதல் ஐந்து பாஸையும் கோட்டை விட்டால் உடனே அட்டையைக் கிழித்துப் போடாதீர்கள். பகடைக்கு அதுவும் தெரியும், இதுவும் தெரியும். ஐந்து முறை ஆடினால் அதிர்ஷ்டம் தெரியும். ஐம்பது முறை ஆடினால்தான் திறமை தெரியும்.

எனவே ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். எத்தனை பாஸ்? எத்தனை முறை விலகினார்? எத்தனை முறை பிடித்தார்? விலகவே முடியவில்லை என்றால் திருப்பம் போதாது. விலகியும் நழுவவிட்டால் கைப்பிடி போதாது. 'தோற்றுவிட்டோம்' என்று அழுவதைவிட, 'எந்தப் படியில் தோற்றோம்' என்று பார்ப்பது பல மடங்கு பயன் தரும். இன்டர்நெட்டில் ஆடும் கெட்டிக்காரர்களும் இதைத்தான் செய்கிறார்கள்.

நிஜத்தில் புள்ளி போட்டவர்கள்

'நிஜ வீரர்களுக்கு யார் புள்ளி கொடுப்பார்கள்?' என்கிறீர்களா? அவர்கள் நேரத்தைத்தான் புள்ளியாகச் செலவழிக்கிறார்கள்.

அந்தோனியோ கேட்ஸ் என்ற வீரரைப் பாருங்கள். கல்லூரியில் இவர் ஒரு மேட்ச்கூட ஃபுட்பால் ஆடியதில்லை! ஆடியதெல்லாம் கூடைப்பந்து. உயரம் 6 அடி 4 அங்குலம். நமக்கு அது பெரிய உயரம். ஆனால், தொழில்முறை கூடைப்பந்தில் அவர் ஆடிய இடத்துக்கு அது போதாது என்றார்கள். கேட்ஸ் துவண்டு போகவில்லை. கூடைப்பந்தில் பழகிய திருப்பம், எதிராளியை முதுகால் மறித்துக் கொண்டு எம்பிப் பந்தைப் பிடிக்கும் வித்தை எல்லாம் அவரிடம் இருந்தன. அவை ஒரு டைட் எண்டுக்கும் தேவையானவைதானே!

2003-ல் புது வீரர்களைத் தேர்ந்தெடுத்தபோது எந்த அணியும் அவர் பெயரைச் சொல்லவில்லை. பிறகு சார்ஜர்ஸ் அணி சேர்த்துக் கொண்டது. 16 சீசன்கள் அதே அணிக்கு ஆடி, 116 டச் டவுன்கள் எடுத்தார். டைட் எண்ட்களில் இதுதான் சாதனை. 2025-ல் புகழ் மண்டபத்தில் இடம் கிடைத்தது.

இன்னொருவர் டோனி கொன்சாலஸ். இவரும் கல்லூரியில் கூடைப்பந்து, ஃபுட்பால் இரண்டும் ஆடியவர். 1997-ல் கான்சாஸ் சிட்டி சீஃப்ஸ் அணியில் சேர்ந்தார். 1998-ல் கைக்கு வந்த பந்துகள் பலவற்றை நழுவவிட்டார். ரசிகர்கள் சும்மா இருப்பார்களா? திட்டித் தீர்த்தார்கள். அவர் செய்தது ஒன்றுதான். பயிற்சிக்கு முன்னும் பின்னும் கூடுதலாக நின்று பந்து பிடித்தார். திரும்பத் திரும்பப் பிடித்தார். எந்தத் திறமை குறைவோ, அதில் புள்ளியைப் போட்டார்!

1999-ல் 76 பந்துகளைப் பிடித்து 11 டச் டவுன்கள் எடுத்தார். 17 சீசன்கள் ஆடி 2013-ல் ஓய்வு பெற்றபோது, மொத்தம் 1,325 பந்துகள் பிடித்திருந்தார். டைட் எண்ட்களில் இவருக்குத்தான் முதலிடம்.

துணுக்கு மூலை

* கொன்சாலஸ் டச் டவுன் எடுத்ததும், கூடைப்பந்து ஞாபகத்தில் கோல் கம்பத்தின் குறுக்குக் கம்பிக்கு மேலே பந்தைத் தூக்கிப் போட்டுக் கொண்டாடுவார். 2013-ல் ஜிம்மி கிரஹாம் என்ற டைட் எண்ட் அப்படிச் செய்தபோது கம்பமே சாய்ந்துவிட்டது. அதை நிமிர்த்தும் வரை ஆட்டம் நின்றது! 2014-ல் இந்தக் கொண்டாட்டத்துக்குத் தடை போட்டுவிட்டார்கள்.

* 2021-ல் டிராவிஸ் கெல்சி, ஜார்ஜ் கிட்டில், கிரெக் ஓல்சன் ஆகிய மூன்று டைட் எண்ட்கள் சேர்ந்து 'டைட் எண்ட் பல்கலைக்கழகம்' என்ற கோடைக்கால முகாமைத் தொடங்கினார்கள். வெவ்வேறு அணிகளின் டைட் எண்ட்கள் இங்கே ஒன்றுகூடி, ஒருவருக்கொருவர் வித்தைகளைச் சொல்லிக் கொடுக்கிறார்கள். மைதானத்தில் போட்டி, முகாமில் நட்பு!

உஷார் குட்டீஸ்!

இன்டர்நெட்டில் இது போன்ற விளையாட்டுகளை ஆடுவதற்கு முன் அப்பா, அம்மாவிடம் கேளுங்கள். 'பணம் கட்டினால் கூடுதல் புள்ளி' என்று சில விளையாட்டுகள் ஆசை காட்டும். பெரியவர்களுக்குத் தெரியாமல் எதையும் அழுத்தாதீர்கள். உங்கள் உண்மையான பெயர், வீட்டு விலாசம், போன் நம்பர் எதையும் கொடுக்க வேண்டாம். ஒரு நாளில் இவ்வளவு நேரம்தான் என்று முதலிலேயே தீர்மானித்துக் கொள்ளுங்கள். நேரமும் திரும்ப எடுக்க முடியாத புள்ளிதான்!

உங்களுக்கு ஒரு சவால்

சமன், பிசின், சுழல் மூவரையும்விட நல்ல டைட் எண்டை அதே 20 புள்ளியில் உருவாக்க முடியுமா? திருப்பத்தை 7 ஆக்கினால் என்ன ஆகும்? வேகத்தைக் குறைத்து மறிப்பைக் கூட்டினால்? இந்த வார விடுமுறையில் பகடையை உருட்டி, நோட்டில் குறித்துப் பாருங்கள். 36-ல் 19-ஐத் தாண்டும் வீரர் உங்கள் அட்டையில் இருக்கலாம். ஆனால், அவருக்கு மறிக்கவும் தெரியுமா என்று மறக்காமல் பாருங்கள். எதிரணி பார்த்துக் கொண்டே இருக்கும்!